ஏரிக்கரைக் கீரையும் ஊர்ப் பொறுப்பும்

காணும் பொங்கலன்று கட்டுச்சோற்று மூட்டையோடு ஏரிக்கரைக்குப் போகும் வழக்கம் வட மாவட்டங்களில் இன்னும் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, ஏரிகள் நிறைந்திருக்கும் நேரம். கரையோர ஈரத்தில் பொன்னாங்கண்ணி, வல்லாரை, ஆரைக்கீரை தழைத்திருக்கும். மேட்டில் இலந்தை பழுத்திருக்கும். பனங்கிழங்கு பிடுங்கும் பருவமும் அதுதான். பெண்கள் பேசிக்கொண்டே மடி நிறையக் கீரை பறிப்பார்கள். பிள்ளைகள் இலந்தை மரத்தடியைச் சுற்றி வருவார்கள். சமீப ஆண்டுகளில் நகரத்துக் குடும்பங்களுக்கும் இதில் ஆர்வம் வந்திருக்கிறது. வரவேற்க வேண்டிய ஆர்வம். கடைப் பொட்டலத்தைப் பிரித்துத் தின்றுவிட்டுத் திரும்புவதைவிட, காலடியில் முளைத்திருப்பது என்னவென்று குனிந்து பார்ப்பது எவ்வளவோ மேல்.

பறித்ததைத் தின்னலாமா என்று கேட்டால், செடியைத் தெரிந்தவர் தின்னலாம் என்பதே பழைய பதில். இன்று அது பாதிப் பதில்தான். செடியை அடையாளம் காண்பது பறிப்பவரின் பொறுப்பு. அந்தச் செடி குடித்து வளர்ந்த தண்ணீர் எப்படிப்பட்டது என்பதற்கு ஊரே பொறுப்பேற்க வேண்டும். இரண்டையும் சேர்த்தே பேச வேண்டும் என்பதுதான் இங்கே நாம் முன்வைப்பது.

முதலில் செடி. தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தள் வேலியோரங்களிலும் புதர்க் கரைகளிலும் ஏறிப் படர்ந்து நிற்கிறது. மண்ணுக்கடியில் இருக்கும் அதன் கிழங்கைக் கலப்பைக் கிழங்கு, கண்வலிக் கிழங்கு என்கிறோம். உண்ணும் கிழங்கென்று நினைத்து அதை அவித்துத் தின்று உயிரிழந்தவர்கள் உண்டு. அதிலுள்ள கோல்ச்சிசின் என்ற நஞ்சு வேகவைத்தாலும் போவதில்லை. தின்ற உடனே ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்தே வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கும். சாதாரண அஜீரணம் என்று நினைத்து ஓர் இரவைக் கடத்தினால் உள்ளுறுப்புகள் கெடத் தொடங்கிவிடும். காட்டாமணக்கு விதையின் கதை வேறு. அது நிலக்கடலை போலச் சுவைப்பதால் பிள்ளைகள் பகிர்ந்து தின்கிறார்கள். விளையாடப் போன இடத்திலிருந்து கூட்டமாக ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். குன்றிமணியையும் ஆமணக்கு விதையையும் மென்றுவிட்டால் ஆபத்து இன்னும் பெரிது. இப்படி ஏதாவது நடந்தால் உப்புத்தண்ணீர் கொடுத்து வாந்தியெடுக்க வைக்க வேண்டாம். 108-ஐ அழையுங்கள், தின்ற செடியில் ஒரு துண்டைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். மருத்துவருக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை.

செடியைத் தெரிந்திருப்பது என்றால் அதன் பக்குவத்தையும் தெரிந்திருப்பது. 1861-இல் ஆஸ்திரேலியாவின் கூப்பர் ஓடைக் கரையில் பர்க், வில்ஸ் என்ற இரு பயணத் தலைவர்கள் மெலிந்து இறந்தார்கள். அவர்களுடைய கடைசி நாள்களின் உணவு நார்டூ மாவு. நார்டூ நம் ஆரைக்கீரைக்கு நெருங்கிய உறவுச் செடி. அந்தக் கரையில் வாழ்ந்த யாந்த்ருவாந்தா மக்கள் அதையே தலைமுறை தலைமுறையாகப் பக்குவம் செய்து உண்டு நலமாக இருந்தவர்கள். அந்தப் பக்குவத்தைத் தவறவிட்டதால், செடியிலுள்ள ஒரு நொதி பயணிகளின் உடலில் தயமின் சத்தை அழித்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அந்தப் பழங்குடி மக்களின் பராமரிப்பில் இருந்த சகபயணி ஜான் கிங் மட்டும் பிழைத்தார். நம் வீடுகளில் ஆரைக்கீரையை நன்றாக வேகவைத்துக் கடைந்துதான் பரிமாறுகிறார்கள். ஏன் என்று கேட்டால் காரணம் சொல்லத் தெரியாத பாட்டிக்கும் கை சரியாகவே செய்கிறது. அந்தக் கைகளுக்குரிய பெண்கள், பெரும்பாலும் நிலமில்லாத குடும்பத்தவர்கள், விடியலில் கீரை பறித்துக் கூடையில் சுமந்து சந்தைக்குக் கொண்டுபோகிறார்கள். ஏரிக்கரைச் செடிகளைப் பற்றி நம்மிடையே மிச்சமிருக்கும் அறிவின் பெரும்பகுதி அவர்களிடம்தான் இருக்கிறது. பள்ளிக்கூடங்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது அவர்களில் ஒருவரை அழைத்து, பிள்ளைகளோடு கரையில் நடக்கவைத்தால் என்ன? பாடப்புத்தகப் படத்தைப் பார்த்துக் கற்கும் பிள்ளைக்கும் இலையைக் கசக்கி மோந்து பார்த்துக் கற்கும் பிள்ளைக்கும் வேறுபாடு உண்டு.

இனி தண்ணீர். சதுப்பில் வளரும் செடிகள் நீரிலும் சேற்றிலும் உள்ள ஈயம், காட்மியம், குரோமியம் போன்ற உலோகங்களை உறிஞ்சித் தம் வேரிலும் இலையிலும் சேர்த்துவைக்கின்றன. கழிவுநீரைச் சுத்திகரிக்க ஆகாயத்தாமரையைப் பயன்படுத்திப் பார்ப்பதே இந்தக் குணத்தை நம்பித்தான். பொன்னாங்கண்ணிக்கும் அதே குணம் இருக்கிறது. சாக்கடை கலக்கும் மூலையில்தான் கீரை மிகச் செழிப்பாக இருக்கும். செழிப்பைப் பார்த்துக் கை அங்கேதான் போகும். அதன் பக்கத்திலேயே தென்னமெரிக்காவிலிருந்து வந்த களை ஒன்றும் பொன்னாங்கண்ணியைப் போலவே படர்ந்திருக்கலாம். நாட்டுப் பொன்னாங்கண்ணியின் வெள்ளைப் பூக்கொத்து காம்பில்லாமல் இலைக்கணுவில் ஒட்டியிருக்கும். இந்தக் களையின் பூக்கொத்து நீண்ட காம்பின் நுனியில் நிற்கும். வேகவைத்தால் கிருமி சாகும், ஈயம் சாகாது. கோடையில் ஏரி மீது பச்சைப் பெயின்ட் ஊற்றியது போலப் படரும் நீலப்பச்சைப் பாசியின் நஞ்சும் கொதிநீருக்கு அடங்குவதில்லை. கரையிலேயே கிள்ளிப் பச்சையாக மெல்லும் வல்லாரை வழியே எலிக்காய்ச்சல் கிருமியோ, ஆடுமாடுகளின் ஈரலைத் தாக்கும் தட்டைப்புழுவின் இளம்புழுக் கூடோ உடலுக்குள் போகவும் வாய்ப்பு உண்டு.

இதை எந்தத் தனி மனிதரும் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. எவ்வளவு அனுபவமுள்ள கீரைக்காரம்மாவானாலும் இலைக்குள் இருக்கும் குரோமியத்தை அவர் விரல் சொல்லாது. பாலாற்றுப் படுகையைத் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு கெடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற கொள்கையை உச்ச நீதிமன்றம் 1996-இல் உறுதிசெய்தது. நொய்யல் மீது பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தேக்கமாகிப்போனதையும் பார்த்தோம். பெரிய ஆலைகளைக் குற்றம் சொல்வது சரியே. ஆனால் கோழிக்கடைக் கழிவை இரவில் ஏரி மதகோரம் கொட்டுவதும், வீட்டுச் சாக்கடையை வரத்துக் கால்வாயில் இணைப்பதும், சுற்றுலா வந்த இடத்தில் பாட்டிலை உடைத்துப் போடுவதும் நம் அக்கம்பக்கத்தினர் செய்வது. நாமும் செய்வது. மறுநாள் காலையில் அந்தக் கண்ணாடிச் சில்லின் மேல் வெறுங்காலோடு நடப்பது கீரை பறிக்க வரும் பெண்.

தடை போட்டுவிடலாமே என்று சிலர் சொல்லக்கூடும். அதை ஏற்க முடியாது. பறவைச் சரணாலயத்திலும் காப்புக்காட்டிலும் எதையும் பறிக்கக் கூடாது. அங்கே சட்டமும் தெளிவாக இருக்கிறது. ஊர்ப் பொது ஏரியில் கீரைக்குத் தடை போட்டால், தண்ணீரைக் கெடுத்தவர் தப்பிவிடுவார். ஏழைக் குடும்பத்தின் கூடைதான் காலியாகும். தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரி, கண்மாய்கள் இருக்கின்றன. வீட்டுக்கொரு ஆள் வந்து கரையை உயர்த்தி, வாய்க்காலைத் தூர்வாரிய குடிமராமத்தால் அவை நூற்றாண்டுகள் நின்றன. அந்த உழைப்பில் பங்கு கொடுத்தவர்களுக்குக் கரையின் விளைவிலும் பங்கு இருந்தது.

ஆகவே சிறியதாகச் சில காரியங்களில் நாம் உடன்படலாம். பூச்சிமருந்தோ களைக்கொல்லியோ அடித்த வரப்பில் நிலத்துக்காரர் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவைக்கட்டும். கண்டவர் அங்கே பறிக்காமல் நகர்ந்துவிடலாம். ஏரிக்கு வந்து சேரும் ஒவ்வொரு கால்வாயும் எங்கிருந்து வருகிறது, தண்ணீரைக் கடைசியாக எப்போது சோதித்தார்கள், முடிவு என்ன என்பதை ஊராட்சி கரையிலேயே பலகையில் எழுதிவைக்கட்டும். பறிப்பவர்கள் வேரோடு பிடுங்காமல் நுனியைக் கிள்ளட்டும். உறுதியாகத் தெரியாத செடியையும் காளானையும் விட்டுவிடட்டும். கொட்டிக்கிழங்கையும் அல்லிக்கிழங்கையும் மொத்தமாகத் தோண்டினால் அடுத்த மழைக்கு அங்கே ஒன்றும் இருக்காது.

காணும் பொங்கல் கழிந்து பத்து நாளில், ஜனவரி 26 அன்று, தமிழ்நாட்டின் ஊராட்சிகளில் கிராம சபை கூடுகிறது. இந்த முறை ஏரிக்கரைக்குப் போகும்போது எந்தக் குழாய் எங்கே ஏரிக்குள் இறங்குகிறது, எங்கே கழிவு கொட்டிக் கிடக்கிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். வெளியூர்க்காரராக இருந்தால் கண்டதை அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். உள்ளூர்க்காரராக இருந்தால் 26-ஆம் தேதி எழுந்து நின்று கேளுங்கள்; கீரைக்காரம்மாவையும் கூட்டத்துக்கு அழைத்துப் போங்கள். நீங்கள் கேட்டதைத் தீர்மானமாகப் பதிவுசெய்த பிறகு வீட்டுக்குத் திரும்புங்கள்.