பிள்ளை யாரிடம் வளரட்டும்?



அப்பத்தாவிடமும் அம்மாச்சியிடமும் வளரும் பிள்ளைகள் நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஊருக்கு ஊர் உண்டு. சில பிள்ளைகளுக்கு அப்பா வெளிநாட்டில். சிலருக்குத் தாய், தகப்பன் இருவருமே இல்லை. காய்ச்சலுக்குக் கண்விழித்து, காலையில் தலைபின்னிப் பள்ளிக்கு அனுப்பும் அந்தப் பெரியவர்களுக்கு உள்ளூர ஒரு பயம்: “ஆபீசுக்குப் போனா புள்ளையப் புடுங்கி ஹோம்ல போட்ருவாங்க.” உதவி கேட்கவே போகாமல் இருந்துவிடுகிறார்கள்.

உச்ச நீதிமன்றம் சொன்னது வேறு. மகாபலிபுரம் பக்கத்து அனாதை இல்லங்களில் பிள்ளைகள் சீரழிக்கப்படுவதாக வந்த நாளிதழ்க் கட்டுரையை வைத்து, 2007-இல் ஒரு வழக்குப் பதிவானது. பத்து வருடம் நடந்த அந்த வழக்கில், 2017 மே 5 அன்று நீதிபதிகள் மதன் லோகூர், தீபக் குப்தா தீர்ப்பளித்தார்கள். எல்லா இல்லங்களும் அந்த ஆண்டு முடிவதற்குள் பதிவுபெற வேண்டும்; ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாகப் பராமரிப்புத் திட்டம் வேண்டும். இதோடு, பாதுகாப்பு தேவைப்படும் பிள்ளை என்பதற்காகவே எல்லோரையும் இல்லத்தில் சேர்க்க வேண்டியதில்லை என்றும் சொன்னார்கள். எனக்கு இந்தத் தீர்ப்பில் மிகப் பெரியதாகப் படுவது இதுதான்.

இல்லங்களே கூடாது என்று சொல்ல வரவில்லை. 1886-இல் நம் புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டிதான், போக்கிடம் இல்லாத பெண் பிள்ளைகளுக்காகச் சென்னையில் அவ்வை இல்லத்தைத் தொடங்கினார். போக்கிடம் இல்லாதவர்களுக்கு அது வேண்டும். மடியில் வைத்துக்கொள்ள ஓர் அப்பத்தா இருக்கும்போது, அவர் ஏழை என்பதற்காகப் பிள்ளையைப் பிரிப்பது நியாயமில்லை. இல்லம் கடைசி வழி என்றுதான் 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமும் சொல்கிறது.

ஆகவே, உதவி கேட்டு மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவுக்குத் தயங்காமல் போங்கள். பிள்ளையின் ஆதார், பிறப்புச் சான்றிதழ், பெற்றோரின் இறப்புச் சான்றிதழ், குடும்ப அட்டை, பள்ளிச் சான்று ஆகியவற்றை ஒரு மஞ்சப்பையில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். குழு விசாரிக்கும், வீட்டுச் சூழலைப் பார்க்க ஆள் வரும். உறவினர் வீட்டில் வளரும் ஆதரவற்ற பிள்ளைகளுக்கு மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. கிராமமென்றால் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும்.

பிள்ளைக்காகத் தாயும் தகப்பனும் மல்லுக்கு நிற்கும் வழக்குகளிலும் கேள்வி ஒன்றுதான்: பிள்ளைக்கு எது நல்லது? சென்னையிலிருந்து போன ரோசி ஜேக்கப் வழக்கில், பிள்ளைகள் பெற்றோரின் உடைமையோ விளையாட்டுப் பொருளோ அல்ல என்று உச்ச நீதிமன்றம் 1973-இலேயே சொல்லிவிட்டது. விவரம் தெரிந்த வயதென்றால் பிள்ளையின் விருப்பத்தையும் நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம் என்று 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டமே இடம் தருகிறது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கு ஆட்கொணர்வு மனுவோடு ஓடுமுன், அந்தப் பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்கலாமே!

உங்கள் ஊர் அனுபவங்களை எழுதுங்கள். பிள்ளையின் பெயர், படம், பள்ளி எதையும் குறிப்பிட வேண்டாம். அவற்றை வெளியிட இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு தடை விதிக்கிறது. அவசரமென்றால் எங்களுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்காமல் உடனே 1098-க்குப் போன் செய்யுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்