பிக்கப் பேட்டரி எத்தனை வருஷம்? கார்டைப் பார்க்காதீர்கள், வோல்ட்டைப் பாருங்கள்

"பேட்டரி எத்தனை வருஷம் உழைக்கும்?" லேப்டாப் வாங்குபவர் கேட்கும் கேள்வி இது. யு.பி.எஸ். வாங்குபவரும் கேட்கிறார். பிக்கப் வேன் வைத்திருப்பவரும் கேட்கிறார். கடைக்காரரிடம் பதில் தயாராக இருக்கிறது: "நாலு வருஷம் கேரண்டி அண்ணே, கவலையே படாதீங்க."

கேள்வியே தவறு என்பது என் கருத்து. பேட்டரியின் ஆயுள் கார்டில் அச்சடித்த மாதங்களில் இல்லை. நாம் அதை எவ்வளவு நேரம் காலியாக வைத்திருக்கிறோம், எவ்வளவு சூட்டில் வைத்திருக்கிறோம் என்பதில்தான் இருக்கிறது.

கம்ப்யூட்டர் பத்திரிகையில் பிக்கப்புக்கு என்ன வேலை என்று நினைக்கலாம். இன்றைய பிக்கப்பில் ஜி.பி.எஸ். டிராக்கர், கேமரா, மியூசிக் சிஸ்டம், செல்போன் சார்ஜர் எல்லாம் ஏறிவிட்டன. அதோடு, செல்போனில் பழகிய பழக்கங்களையும் நாம் வண்டிக்குக் கொண்டுபோகிறோம். அங்கேதான் வம்பு.

வெள்ளத்தில் கிடைத்த பாடம்

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. விழுப்புரம் மாவட்டத்தில் பேய் மழை. மயிலத்தில் மட்டும் 51 செ.மீ. பதிவானது. சாத்தனூர் அணையில் திறந்த தண்ணீரும் சேர்ந்து தென்பெண்ணையில் வெள்ளம் வந்தது. திருவெண்ணெய்நல்லூரைச் சுற்றியுள்ள கிராமங்கள் தண்ணீரில் நின்றன. அரசூர் பக்கம் சென்னை - திருச்சி நெடுஞ்சாலையிலேயே போக்குவரத்து நின்றது.

கரண்ட் இல்லாத ஊரில் செல்போன் சார்ஜ் செய்ய இருக்கும் ஒரே இடம் வண்டிதான். தெருவில் ஒரு பிக்கப் நின்றால் தெருவே சார்ஜரோடு வரும். அவசரத்துக்குச் செய்யும் உதவியை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இன்ஜினை ஓடவிடாமல் இரவு முழுக்க சார்ஜ் போட்டால், காலையில் வண்டி செல்ஃப் எடுக்காது. தண்ணீர் ஏறும்போது நோயாளியை ஏற்றிக்கொண்டு போக வேண்டிய வண்டி அது.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

டீசல் இன்ஜினைக் கிளப்ப செல்ஃப் மோட்டார் சுமார் 200 ஆம்பியர் இழுக்கிறது என்று வையுங்கள். 3 விநாடிக்கு அது 0.17 ஆம்பியர்-ஹவர்தான். பெரிய வேலை, ஆனால் செலவு கொஞ்சம்.

ஒரு செல்போன், 5000 எம்.ஏ.எச். பேட்டரி. சார்ஜரில் வீணாவதையும் சேர்த்தால், 12 வோல்ட் பேட்டரியிலிருந்து சுமார் 2 ஆம்பியர்-ஹவர் எடுக்கும். அதாவது ஒரு செல்போனுக்கு 12 தடவை வண்டியைக் கிளப்பும் மின்சாரம்! 20 செல்போன் என்றால் 40 ஆம்பியர்-ஹவர். 75 ஆம்பியர்-ஹவர் பேட்டரியில் பாதிக்கு மேல் காலி. இரண்டு வருஷம் உழைத்த பேட்டரியில் மிச்சம் எவ்வளவு இருக்கும், யோசியுங்கள்.

வெள்ளம் வர வேண்டும் என்பதில்லை. டிராக்கரும் மற்ற சாமான்களும் சேர்ந்து 50 மில்லி ஆம்பியர் இழுத்தாலே நாளைக்கு 1.2 ஆம்பியர்-ஹவர். சவாரி இல்லாமல் வண்டி ஒரு மாதம் நின்றால் 36 ஆம்பியர்-ஹவர் போய்விடும். சீசன் முடிந்து ஷெட்டில் நின்ற வண்டி, அடுத்த லோடு வரும் நாளில் மல்லுக்கட்டுவது இதனால்தான். (ஃபாஸ்டேக் மீது பழி போடாதீர்கள். அது சுங்கச்சாவடிக் கருவியின் ரேடியோ அலையிலேயே வேலை செய்கிறது. வண்டி பேட்டரியைத் தொடுவதில்லை.)

செல்போன் விதி வேறு, வண்டி விதி வேறு

லேப்டாப், செல்போனில் இருப்பது லித்தியம் பேட்டரி. அதை எப்போதும் 100 சதவீதத்தில் வைத்திருப்பது நல்லதல்ல. 20-க்கும் 80-க்கும் நடுவில் இருந்தால் அதற்கு நிம்மதி. பிக்கப்பில் இருப்பது ஈய-அமில பேட்டரி. அதன் விதி நேர் எதிர்: எப்போதும் முழுசாக இருக்க வேண்டும். காலியாகக் கிடந்தால் தகடுகளில் ஈய சல்பேட் படிந்து கெட்டியாகிவிடும். பிறகு எத்தனை மணி நேரம் சார்ஜ் போட்டாலும் பழைய தெம்பு வராது.

"நன்றாக இறக்கிவிட்டு ஏற்றினால் பேட்டரி பலமாகும்" என்று சிலர் இன்னும் சொல்கிறார்கள். அது பழைய நிக்கல்-காட்மியம் பேட்டரியின் காலத்துப் பேச்சு. வண்டி பேட்டரியில் அதைச் செய்தால், நாமே அதன் ஆயுளைக் குறைக்கிறோம்.

இன்னொரு தவறு, வண்டி பேட்டரியை வீட்டு இன்வெர்ட்டருக்கு மாட்டுவது. 2012-ல் பல மணி நேர மின்வெட்டு இருந்தபோது இப்படிச் செய்த வீடுகள் உண்டு. வண்டி பேட்டரியின் தகடுகள் மெல்லியவை, ஒரே மூச்சில் கரண்ட் கொடுக்கச் செய்தவை. இன்வெர்ட்டருக்கான டியூப்லர் பேட்டரியின் தகடுகள் தடிமனானவை, மணிக்கணக்கில் கொடுக்கச் செய்தவை. ஓட்டப்பந்தயக்காரனிடம் மூட்டை தூக்கச் சொன்னால் முதுகு ஒடியும்.

மூன்றாவது எதிரி வெயில். பேட்டரியின் சூடு 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது இத்துறையில் பொதுவான கணக்கு. நம் பக்கத்து மே மாத வெயிலும் இன்ஜின் சூடும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். ஆகவே என் நேர்மையான பதில்: ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் 3 முதல் 4 வருஷம். 5 வருஷம் வந்தால் அதிர்ஷ்டம். கெடுத்தால் ஒன்றரை வருஷம்.

கார்டும் ஓலையும்

ஓலையைக் காட்டி வழக்கை வென்ற கதை நடந்த ஊர் திருவெண்ணெய்நல்லூர். சுந்தரர் ஓலையைக் கிழித்தபோதும், மூல ஓலை என்னிடம் இருக்கிறது என்று முதியவராக வந்த இறைவன் சபையில் காட்டி ஜெயித்தார். அந்த ஊரில் நின்று "கார்டை நம்பாதீர்கள்" என்பது கொஞ்சம் சங்கடம்தான். ஆனால் இந்த ஓலையைப் படித்துத்தான் பார்க்க வேண்டும். "24+24" என்று போட்டிருந்தால் 48 மாதமும் இலவச மாற்று கிடையாது. முதல் 24 மாதம்தான் இலவசம். மீதி மாதங்களில் புது பேட்டரி விலையில் ஒரு பங்கு தள்ளுபடி மட்டுமே.

டேஷ்போர்டில் ஏன் இல்லை?

பத்தாயிரம் ரூபாய் செல்போன் பேட்டரி சதவீதத்தைக் காட்டுகிறது. பல லட்சம் ரூபாய் டீசல் பிக்கப்பில் ஒரு சிவப்பு விளக்குதான். அதுவும் சார்ஜ் ஏறுகிறதா என்று சொல்லுமே தவிர, எவ்வளவு இருக்கிறது என்று சொல்லாது. பழைய வண்டிகளில் டேஷ்போர்டில் ஆம்பியர் மீட்டர் முள்ளாவது இருந்தது. 2022-ல் அறிமுகமான டாடா ஏஸ் ஈ.வி.யில் 21.3 கிலோவாட்-ஹவர் பேட்டரி. அதுபோன்ற மின் வண்டிகளில் சார்ஜ் அளவை டிரைவர் கண்ணால் பார்க்கிறார். டீசல் வண்டி டிரைவர் என்ன பாவம் செய்தார்? கம்பெனிகள் ஒரு சின்ன வோல்ட் மீட்டர் வைப்பதில் பெரிய செலவு ஒன்றும் இல்லை.

அவர்கள் வைக்கும்வரை காத்திருக்க வேண்டாம். சில நூறு ரூபாய்க்கு டிஜிட்டல் மல்டிமீட்டர் கிடைக்கிறது. காலையில் வண்டியைக் கிளப்பும் முன் பாருங்கள். 12.6 வோல்ட் என்றால் முழுசு. 12.2 என்றால் பாதி, உடனே சார்ஜ் போடுங்கள். 12-க்குக் கீழே என்றால் ஆபத்து. இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை இருக்க வேண்டும். குறைந்தால் பேட்டரியைத் திட்டாமல் ஆல்டர்னேட்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். பல நல்ல பேட்டரிகள் இப்படித்தான் வீணாகப் பழைய விலைக்குப் போகின்றன.

வண்டி வெகுநாள் நிற்கும் என்றால் நெகடிவ் டெர்மினலைக் கழற்றி வையுங்கள். டிஸ்டில்ட் வாட்டர் மட்டுமே ஊற்றுங்கள், ஆர்.ஓ. தண்ணீரோ ஏ.சி. தண்ணீரோ வேண்டாம். வெள்ளக் காலத்தில் தெருவுக்கே சார்ஜ் கொடுங்கள், ஆனால் இன்ஜினை ஓடவிட்டு, திறந்த வெளியில் வைத்துக் கொடுங்கள்.

அடுத்த முறை கடைக்காரர் "நாலு வருஷம்" என்றால் சிரித்துக்கொண்டே கார்டை வாங்கி வையுங்கள். வீட்டுக்கு வரும் வழியில் ஒரு மல்டிமீட்டரும் வாங்குங்கள். கார்டு பேட்டரி செத்த பிறகு பேசும். மீட்டர் சாவதற்கு முன்பே பேசும்.