மண்ணுள் துயிலும் அத்தி

காண்டற்கரிய ஒன்றை ‘அத்தி பூத்தாற்போல’ என்று நம்மவர் கூறுவர். அத்தி பூக்காமலில்லை. காய் என நாம் கருதும் உருண்டையின் உட்புறத்தே அதன் பூக்களெல்லாம் மறைந்திருக்கின்றன. நம் ஊர் ஆலும் அரசும் அவ்வினத்தனவே. இன்று நாம் பேசப்புகுவது, உலர்ந்த பழமாகக் கடைகளிற் கிடைக்கும் சீமை அத்தியைப் பற்றியதாகும். மேற்காசியாவுக்கும் மத்தியதரைக் கடலோரத்துக்கும் உரிய அம்மரம், குளத்து நீர் கல்லாக உறையும் நாடுகளிலும், கண்ணாடி வீட்டின் துணையின்றிப் பழந்தருகின்றது. அஃது எவ்வாறு?

இம்முயற்சி புதியதன்று. உரோமப் பேரரசன் யூலியன், பாரிஸ் நகரின் பழைய வடிவமாகிய லுட்டீசியாவிற் குளிர்காலத்தைக் கழித்தவன். அவ்வூரார் சிலர் அத்தி மரங்களுக்குக் கோதுமை வைக்கோலைப் போர்த்துக் காத்ததை, 363ஆம் ஆண்டில் எழுதிய நூலொன்றிற் குறிப்பிட்டுள்ளான்.

அதே பாரிசுக்கு வடமேற்கே, சேன் நதிக்கரையில், ஆர்ஜான்தெய் என்றோர் ஊர் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் அவ்வூர்க் குடியானவர் முந்திரிகையோடு அத்தியும் பயிரிட்டுத் தலைநகர்ச் சந்தைக்கு அனுப்பினர். அவர்கள் மரத்தை ஓங்கி வளரவிடுவதில்லை. பல தண்டுகள் கொண்ட புதராகச் சாய்த்தே வளர்ப்பர். நவம்பரில் இலையுதிர்ந்ததும் தண்டுகளை முறியாதபடி வளைத்துக் கட்டி, பள்ளத்திற் கிடத்தி, மண்ணால் மூடிவிடுவர். குளிர் தணியுமட்டும் அத்தி அங்கே துயிலும்.

மரம் பிழைத்தாற் போதுமெனில் இத்துணைப் பாடு வேண்டியதில்லை. கடுங்குளிரில் தண்டு மடிந்தாலும் வேர் பெரும்பாலும் உயிரோடிருந்து மறுபடி துளிர்க்கும். ஆயின் அப்புதுத் துளிரிற் காய்ப்பவை பழுக்குமுன் கோடை முடிந்துவிடும். குளிர்நாட்டு அத்தியின் நுட்பம் இங்கேதான் உள்ளது. அடுத்த கோடையில் உண்ணப்போகும் பழம், முந்திய இலையுதிர் காலத்திலேயே கிளை நுனியிற் பயறளவு பிஞ்சாகத் தோன்றிவிடுகின்றது. அப்பிஞ்சு குளிரைத் தாண்டினாற் பழமுண்டு. கருகினால் அவ்வாண்டின் உழைப்பு வீண். குடியானவன் மண்ணிட்டு மூடுவது மரத்தை மட்டுமன்று, அந்தப் பயறளவுப் பிஞ்சையுமே.

திறக்கும் நாளைத் தேர்வதே பெருங் கவலை. பெப்ரவரி இறுதியில் அவசரப்பட்டுத் திறந்தால் மார்ச் மாத உறைபனி கொல்லும். தாமதித்தாலோ மொட்டுகள் மண்ணுள் அழுகும். மழைக்குணமுள்ள மந்தாரமான நாளொன்றைத் தேடித் திறப்பர். பழம் பருத்து வரும்போது அதன் கண்ணில் ஒலிவ எண்ணெய் ஒரு துளி இடுவதும் அவர் வழக்கம். அதனால் சில நாள் முன்னதாகவே பழுக்கும். எண்ணெய் பட்ட பழத்தில் எதிலீன் என்னும் வாயு மிகுவதே காரணம் என்பது பின்னர் வந்த விளக்கம். அத்தோட்டங்கள் பலவும் வீடுகளும் தொழிற்சாலைகளும் பெருகியபோது மறைந்தன.

இங்கிலாந்தில் மண்மூடும் வழக்கம் அரிது. தெற்கு நோக்கிய சுவரோரம் நட்டு, வேர் பரவாதபடி குழியின் நாற்புறமும் கற்பலகை நிறுத்தி, அடியில் உடைகல் இட்டு நிரப்புவர். வேருக்கு இடம் மிகுந்தால் இலைதான் மிகும். இலையுதிர் காலத்தில் சுண்டைக்காயினும் பெருத்த பச்சைக்காய்களை இரக்கமின்றிக் களைந்து, நுனியிலுள்ள சிறு பிஞ்சை மட்டும் விடுவர். புதிதாகப் பயிரிடுவோர் பெரிய காய்க்கு ஆசைப்பட்டு அதை விட்டு வைப்பதும், நுனிகளைக் கத்தரித்துவிடுவதும் உண்டு. இரண்டும் பிழை.

நம் மாணவர் ஒரு வினா எழுப்பக்கூடும்: அத்திப் பூவுக்கு மகரந்தம் கொண்டுசெல்லும் சிறு குளவி அக்குளிரில் வாழுமா? வாழாது. ஆகவே மகரந்தச் சேர்க்கையின்றியே காய்க்கும் வகைகளையே அங்கு நடுகின்றனர்.

அமெரிக்காவின் நியூயோர்க் நகரிற் குடியேறிய தென் இத்தாலியரும் தம் ஊர் அத்தியைக் கைவிடவில்லை. அங்குக் கோடை வெப்பம் மிகுதி. புதுக் கிளையிலும் பழம் பழுக்கும். ஆயினும் தண்டு மடிந்தால் நாள் தாழ்ந்துவிடுமென அஞ்சி, சிலர் மரத்தைச் சாக்கும் பழங்கம்பளமும் சுற்றிக் கட்டி, மழைநீர் இறங்காதபடி உச்சியில் ஒரு வாளியைக் கவிழ்த்து வைப்பர். பொலித்தீன் உறையை நான் விரும்பேன்; பகலில் வெதுப்பி இரவிற் குளிரவிடும். வேறு சிலர் ஒருபக்க வேரை வெட்டி, மரத்தையே பள்ளத்திற் சாய்த்து, பலகையும் சருகும் மண்ணும் இட்டு மூடுவர். வசந்தம் வந்ததும் மண்ணை அகற்றி, மரத்தை மெல்ல நிமிர்த்தி, அடியை மிதித்து இறுக்கிவிடுவர்.