பழுது லினக்ஸில இல்லை, வாங்கின பெட்டியில

திருகோணமலையில ஒருத்தரிட்டப் போய் "லினக்ஸ் பாவியுங்கோ, இலவசம்" என்று சொல்லிப் பாருங்கள். சிரிப்பார். அவருடைய விண்டோஸும் இலவசம்தான். லப்டொப் வாங்கினால் விண்டோஸ், ஒபிஸ், போட்டோஷொப் எல்லாம் ஏற்றித்தான் கையில தருகினம். உரிமம் பற்றி வாங்குகிறவரும் கேட்பதில்லை, விற்கிறவரும் சொல்வதில்லை. திருட்டுப் பிரதி தாராளமாகக் கிடைக்கிற ஊரில் இலவசம் என்ற வாதத்துக்குப் பெறுமதி இல்லை. நாங்களும் அந்த வாதத்தைத்தான் கனகாலம் தூக்கிக்கொண்டு திரிந்தோம்.

அதைவிட மோசமான இன்னொன்றையும் சொல்லித் திரிந்தோம். "எந்தப் பழைய கணினியிலும் லினக்ஸ் ஓடும்." இது பொய். சொன்னவர்கள் நாங்கள்தான், அதனால் எங்களைத்தான் முதலில் திட்டவேணும்.

ஒரு வாசிகசாலைக்கு வெளிநாட்டில் இருந்து வந்த பழைய டெஸ்க்டொப்புகளில் உபுண்டு ஏற்றினோம். அழகாக எழும்பினது. வைஃபை இல்லை. கடையில் ஆக மலிவாக இருந்த யூஎஸ்பி வைஃபை அடப்டர்களை வாங்கினோம். ஒரே பெயர், ஒரே பெட்டி, ஒரே படம். ஒன்று வேலை செய்தது, மற்றது செய்யவில்லை. பெட்டியை மாற்றாமல் உள்ளுக்குள்ள சிப்பை மட்டும் மாற்றுவது இந்த வியாபாரத்தில் சாதாரணம் என்று அன்றைக்குத்தான் விளங்கியது. இணையத்தில் யாரோ ஒரு புண்ணியவான் எழுதி வைத்திருந்த ட்ரைவரை இறக்கி, இரவிரவாகக் கொம்பைல் பண்ணி ஓடவைத்தோம். கொஞ்ச நாளில் கர்னல் அப்டேற் வந்தது, வைஃபை போய்விட்டது. அது பல்கலைக்கழக விண்ணப்பம் நிரப்பப் பிள்ளைகள் வந்திருந்த நாள். பிறின்ரர் கதை இதைவிட நீளம், விடுவோம். கடைசியில் யாரோ விண்டோஸை ஏற்றிவிட்டார்கள். "லினக்ஸ் சரிவராது அண்ணா" என்று ஒரு தங்கச்சி சொன்னாள். அவளில் பிழை இல்லை.

பிழை எங்கே? இயங்குதளம் பெட்டியில் அச்சடித்திருக்கிற பெயரோடு கதைப்பதில்லை, உள்ளே இருக்கிற சிப்போடு கதைக்கிறது. அதற்கு ட்ரைவர் வேண்டும். சிப் செய்கிற நிறுவனம் தன் தகவலையோ நிரலையோ திறந்து கொடுத்தால் அந்த ட்ரைவர் லினக்ஸ் கர்னலுக்குள்ளேயே சேர்ந்துவிடும், நீங்கள் ஒன்றும் செய்யத் தேவையில்லை. இன்ரெல் வைஃபை சிப்புகள் அப்படித்தான். ஏதெரோஸின் ஏஆர்9271 சிப்புக்கு ஃபேர்ம்வெயார்கூடத் திறந்ததுதான். புரோட்கொம் சிப்புகள் சிலதுக்கு மூடின ட்ரைவரைத் தனியாக ஏற்றவேணும். ரியல்ரெக்கின் யூஎஸ்பி சிப்புகள் சிலதுக்கு 2023இல் வந்த 6.2 கர்னலில்தான் உள்ளேயே ஆதரவு கிடைத்தது. அதற்கு முதல் எல்லாரும் எங்களைப் போல இரவிரவாகக் கொம்பைல் பண்ணினவைதான்.

லினக்ஸை எழுதத் தொடங்கின லினஸ் டோர்வால்ட்ஸ் 2012இல் பின்லாந்தில் ஒரு மேடையில் என்விடியா நிறுவனத்துக்கு நடுவிரலைக் காட்டினார். 2022 மே மாதம் அதே நிறுவனம் தன் கர்னல் ட்ரைவர் நிரலைத் திறந்து வெளியிட்டது. நடுவிரலால் வந்த மாற்றம் என்று நாங்கள் நினைக்கவில்லை. சேர்வர் வாங்குகிற பெரிய வாடிக்கையாளர்கள் லினக்ஸ் பாவிக்கிறார்கள், காசு அங்கே இருக்கிறது. வாங்குகிறவன் கேட்டால்தான் விற்கிறவன் திறப்பான். கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் கதையே ஒரு பிறின்ரரில்தான் தொடங்குகிறது. எம்ஐடி ஆய்வுகூடத்தில் அடிக்கடி கடதாசி சிக்கின ஒரு ஸெரொக்ஸ் லேசர் பிறின்ரரின் மூலநிரலை ரிச்சர்ட் ஸ்டோல்மனுக்குக் கொடுக்க மறுத்தார்கள். அந்தக் கோபத்தையும் மனதில் வைத்திருந்தவர்தான் 1983இல் குனூ திட்டத்தை அறிவித்தார்.

இப்ப ஏன் இதைக் கதைக்கிறோம்? 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 வேணும், இன்ரெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிறகான புரொசெசர் வேணும். நல்லா ஓடுகிற நாலாம், ஆறாம் தலைமுறை மெஷின்களை மைக்ரோசொப்ட் கைவிட்டுவிட்டது. புதுசு வாங்கலாம்தானே என்று கேட்பவர்கள் 2022 மார்ச்சை மறந்திருப்பார்கள். 200 ரூபா அளவில் இருந்த டொலர் இரண்டு மாதத்துக்குள் 360 ரூபாவைத் தொட்டது. அந்த அடியில் இருந்து எங்கட வீடுகள் இன்னும் எழும்பவில்லை.

இதில் ஒரு வேடிக்கை இருக்கு. லினக்ஸுக்கு ஆகப் பொருத்தமானவை இந்தக் கைவிடப்பட்ட மெஷின்கள்தான். கம்பனிகள் பாவித்துக் கழித்த திங்க்பாட், லற்றிரியூட், எலீட்புக் மாதிரியான லப்டொப்புகளின் சிப்புகளுக்குக் கர்னலில் ட்ரைவர் வந்து வருசக்கணக்காகிவிட்டது. நேற்று வெளியான பளபளப்பான லப்டொப்பில்தான் வைஃபையோ சத்தமோ வராமல் நிற்கக்கூடும். "புதுசுதான் நல்லது" என்ற கடைக்காரர் கணக்கு இங்கே தலைகீழ்.

ஆனால் பழசையும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கேலாது. உபுண்டு ஏற்றின பென் டிரைவ் ஒன்றைப் பொக்கற்றில் கொண்டுபோங்கள். இன்ஸ்ரோல் பண்ணாமலே அதிலிருந்து இயக்கலாம். வைஃபை பிடிக்குதா, சத்தம் வருதா, கமரா தெரியுதா, மூடித் திறந்தால் எழும்புதா? பத்து நிமிசம் போதும். பயோஸுக்குக் கடவுச்சொல் போட்டுப் பூட்டியிருந்தால் அந்த மெஷினை அங்கேயே வைத்துவிட்டு வாங்கள். பிறின்ரர் என்றால் ஐபோனில் இருந்து ஏர்பிரிண்டில் அடிக்கக்கூடியதா என்று கேளுங்கள். அப்படியானது பெரும்பாலும் லினக்ஸிலும் தனி ட்ரைவர் இல்லாமலே அடிக்கும். கடைக்காரர் முறைப்பார். முறைக்கட்டும், காசு உங்கட.

எங்களுக்குக் கூடுதலாகக் கோபம் வருவது தனி ஆட்களில் இல்லை. பாடசாலைக்கு, நூலகத்துக்கு என்று மொத்தமாக வாங்குகிறவர்களிலும் வெளிநாட்டில் இருந்து அள்ளி அனுப்புகிறவர்களிலும்தான். விலைமனுவில் ஐ5, 8 ஜிபி என்று கவனமாக எழுதுகினம். "லினக்ஸில் முழுதாக வேலை செய்யவேணும்" என்ற ஒரு வரியை எழுத ஒருவருக்கும் மனம் வருவதில்லை. பக்கத்தில் கேரளத்தைப் பாருங்கள். அங்கே பள்ளிக்கூடங்களுக்குக் கைட் நிறுவனம் கொடுக்கிற லப்டொப்புகள் லினக்ஸோடதான் வகுப்புக்குள் வருகின்றன. வாங்கும்போதே அதை முடிவெடுத்துவிட்டார்கள்.

அலுவலகத்தில் தமிழ் அடிக்கவேணுமே என்பார்கள். எங்கட நாட்டு ரெங்கநாதன் விசைப்பலகை லினக்ஸில் இருக்கு. விண்டோஸில் மட்டும் ஓடுகிற கணக்கு மென்பொருளை நம்பித் தொழில் செய்கிறவர் விண்டோஸோடயே இருக்கட்டும், அவரோடு எங்களுக்குச் சண்டை இல்லை. ஆனால் "இது வெள்ளைக்காரனுக்குச் சரி, எங்களுக்குச் சரிவராது" என்று சொல்ல வேண்டாம். 2004 சுனாமி மூதூரையும் கிண்ணியாவையும் அடித்துப் போட்ட நாட்களில் காணாமல்போனோர், முகாம்கள், நிவாரணம் எல்லாவற்றையும் பதிய இலங்கைப் பெடியளும் பெட்டையளும் எழுதின கட்டற்ற மென்பொருள்தான் சஹானா. பிறகு பாகிஸ்தான் பூகம்பத்துக்கும் அது போனது. 2006இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூகநல விருதும் அதற்குக் கிடைத்தது.

இயற்கைத் துறைமுகம் என்று உலகமே புகழ்கிற இடத்தில் இருந்துகொண்டு, கொழும்புத் துறைமுகத்தில் இறங்கி லொறியில் வருகிற சாமானுக்குக் காத்திருக்கிறோம். கொண்டெய்னருக்குள் எதை ஏற்றுவது என்பது எங்கட கையில் இல்லை. கவுண்டரில் எதைத் தூக்குவது என்பது இருக்கு.

எங்களிட்ட உபுண்டு ஏற்றின பென் டிரைவ் மூன்று கிடக்குது. கடைக்குப் போகமுதல் வந்து ஒன்றை வாங்கிக்கொண்டு போங்கள். திருப்பித் தந்தால் காணும்.