பேட்டை போய் டவுன் வந்த கதை



பெங்களூரு தண்டுப் (கண்டோன்மென்ட்) பகுதியின் பழைய பங்களாக்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஓட்டுக் கூரை, மரத்தட்டி, ரோஜாத் தோட்டம் என்று எதையும் விடவில்லை. அந்தத் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றியவரும், குதிரைக்குப் புல் போட்டவரும், கக்கூஸ் அள்ளியவரும் எங்கே குடியிருந்தார்கள் என்று மட்டும் ஒரு வரி இல்லை. கட்டுரையாளரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. இந்த நகரமே அவர்களை மறந்துவிட்டது.

அவர்கள் குடியிருந்த இடங்களில் ஒன்று நாக்ஸ்பேட்டை. இன்று நான் வசிக்கும் மர்பி டவுன்தான் அது.

1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தங்கிய வெள்ளைக்காரப் படையைக் காய்ச்சல் வாட்டியது. அதனால் 1809இல் அல்சூர் பக்கத்தில் புதிய தண்டு அமைந்தது. படையோடு சிப்பாய்களும், சமையல்காரர்களும், சலவைத் தொழிலாளிகளும், கூலிகளும் வந்தார்கள். அவர்களில் பெரும்பகுதி மெட்ராஸ் மாகாணத் தமிழர்கள். 1881இல் மைசூர் ராஜ்யம் உடையாரிடம் திரும்பியபோதும் தண்டு மட்டும் ‘சிவில் அண்ட் மிலிட்டரி ஸ்டேஷன்’ என்று பிரிட்டிஷ் ரெசிடெண்டின் கையிலேயே இருந்தது. 1898இல் பிளேக் வந்த பிறகு நெரிசலைக் குறைக்கப் புதுப் புது ‘டவுன்’கள் எழுந்தன. அந்த வரிசையில், ஏழைத் தொழிலாளிகள் இருந்த நாக்ஸ்பேட்டையும் வரிசை வீடுகளாக மாறியது. ஸ்டேஷனின் பொறியாளர் டபிள்யூ.எச். மர்பியின் பெயர் ஊருக்கு வந்தது. வீடு கட்டித் தந்தவரை நான் குறை சொல்லவில்லை. கட்டியவர் பெயர் நிற்க, குடியிருந்தவர்களின் ஊர் காணாமல் போனதே என் வருத்தம்.

1947 ஜூலை 26இல் தண்டு மைசூரிடம் திரும்ப வந்தது. 1949இல் பழைய நகரமான பேட்டையும் தண்டும் ஒரே மாநகராட்சியாயின. பிளாக்பள்ளி சிவாஜிநகரானதும் சூலே அசோக்நகரானதும் பலருக்கும் தெரியும். நாக்ஸ்பேட்டையைக் கேட்டால் விழிக்கிறார்கள். பழைய பெயரில் உள்ள ஒரு காகிதத்தைக் காட்டி ஓர் அலுவலகத்தில் விசாரித்தேன். “அப்படி ஒரு இடமே ரெக்கார்டுல இல்லையே சார்” என்று அதைத் திருப்பித் தந்துவிட்டார்கள்.

எங்களுக்குத் தெற்கே தொம்மலூர். அங்குள்ள சொக்கநாதர் கோயிலின் தமிழ்க் கல்வெட்டுகள் அந்த ஊரைத் தேசிமாணிக்கப்பட்டணம் என்றும் சொல்கின்றன. எழுநூறு ஆண்டுக்கு முந்திய பெயர் கல்லில் இருப்பதால் பிழைத்தது. நூறு ஆண்டுக்கு முந்திய பெயர், கூலிக்காரர்களின் வாயிலும் சில காகிதங்களிலும் மட்டும் இருந்ததால் அழிகிறது.

நாக்ஸ் என்பதும் வெள்ளைக்காரர் பெயர்தானே, அதற்கு ஏன் இத்தனை அக்கறை என்று சிலர் கேட்கலாம். பாதிப் பெயர் அவருடையது, ‘பேட்டை’ எங்களுடையது. மர்பி வந்தபோது அந்தப் பாதிதான் போனது. இதை மொழிச் சண்டையாகவும் யாரும் ஆக்க வேண்டாம். பதினெட்டு ஆண்டு மூடிக் கிடந்த திருவள்ளுவர் சிலை 2009இல் அல்சூர் ஏரிக்கரையில் திறக்கப்பட்டது. அதே மாதம் சென்னையில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலை திறக்கப்பட்டது. மனம் வைத்தால் இரண்டு பக்கமும் நடக்கும் காரியம்தான்.

பெங்களூரு மாநகராட்சி ஐந்தாகப் பிரிந்து வார்டு எல்லைகளும் பெயர்ப்பலகைகளும் மாறும் நேரம் இது. எனவே மாநகராட்சியையும் அரசையும் கேட்கிறேன்: பழைய மெட்ராஸ் ரோட்டிலிருந்து எங்கள் பகுதிக்குத் திரும்பும் இடத்தில், இங்கே நாக்ஸ்பேட்டை இருந்தது என்று கன்னடம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் ஒரு பலகை வையுங்கள். வார்டு வரைபடத்தில் பழைய பெயரையும் அடைப்புக்குள் போடுங்கள். ஆவணக் காப்பகத்திலுள்ள ஸ்டேஷன் காலக் கோப்புகளில் எங்கள் பகுதி தொடர்பானவற்றைப் பட்டியலிட்டு, யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி செய்யுங்கள். பாலம் கட்டும் செலவில்லை. ஒரு தகரப் பலகையும் நாலு பேரின் உழைப்பும் போதும்.

நாக்ஸ்பேட்டை என்றால் இன்றும் திரும்பிப் பார்க்கும் முதியவர்கள் சிலர் எங்கள் தெருக்களில் இருக்கிறார்கள். பலகை வருவதென்றால், அவர்கள் கண்ணால் பார்க்கும்படி வரட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மர்பி டவுன், பெங்களூரு