பிடித்து வைத்த சம்பளம் பரிசாகாது

ஊக்கத்தொகைதான் ஊழியரின் மனத்தெம்பைக் காக்கும் ஒரே வழி என்று நிறுவப் புறப்பட்டிருக்கிறார் மேலாண்மை ஆலோசகர் ஒருவர். அவர் முன்வைக்கும் வாதங்கள் நான்கு. ஒன்று மற்றொன்றின் காலை வாருவதை அவரே கவனிக்கவில்லை என்பதால், வரிசையாக எடுத்துப் பார்க்க வேண்டிய வேலை நம் தலையில் விழுகிறது.

முதல் வாதம்: தொகை கொடுத்தால் உற்பத்தி பெருகும், அமெரிக்காவின் சேஃப்லைட் நிறுவனமே சாட்சி. கார்க் கண்ணாடி பொருத்தும் அந்நிறுவனம் மணிக்கூலியை விட்டு எண்ணிக்கைக் கூலிக்கு மாறியபோது ஆள் ஒருவரின் வேலை சுமார் 44 சதவீதம் உயர்ந்ததாகப் பொருளியலாளர் எட்வர்ட் லேஸியர் 2000இல் எழுதியது உண்மை. ஆனால் அந்த உயர்வில் ஏறக்குறைய பாதிதான் இருந்தவர்களின் கூடுதல் உழைப்பு என்றும், மிச்சத்தில் பெரும்பங்கு வேகமானவர்கள் வந்து சேர்ந்ததாலும் நிலைத்ததாலும் கிடைத்தது என்றும் அதே ஆய்வு சொல்கிறதே, அது ஏன் இவர் கண்ணில் படவில்லை? கண்ணாடியை எண்ணலாம்; கோணலாகப் பொருத்தினால் பொருத்தியவரையே மறுபடி செய்யச் சொல்லலாம். செவிலியரின் பரிவையும், சக ஊழியரின் பிழையைத் தன் நேரம் செலவழித்துத் திருத்தும் பொறியாளரின் நேர்மையையும் எந்தப் படியால் அளப்பார்? இலக்கை மட்டுமே எண்ணிக்கொண்டிருந்த வெல்ஸ் ஃபார்கோ வங்கியில், வாடிக்கையாளருக்குத் தெரியாமலே லட்சக்கணக்கான கணக்குகள் திறக்கப்பட்டன. 2016இல் விதிக்கப்பட்ட அபராதம் 18.5 கோடி டாலர். வேலை இழந்தவர்கள் சுமார் 5,300 பேர். இலக்கை வகுத்துக் கொடுத்த முறையை விட்டுவிட்டு, அதற்குப் பலியானவர்களின் ஒழுக்கத்தை மட்டும் குறைசொல்வது எந்த ஊர் நியாயம்?

இரண்டாம் வாதம்: பரிசு பெருகப் பெருகத் திறமையும் பெருகும். மதுரை வட்டாரத்துக்கே வந்து இதைச் சோதித்துப் பார்த்தவர்கள் உண்டு. ஊரி நீஸி, ஜார்ஜ் லோவன்ஸ்டைன், டான் ஏரியலி, நீனா மசார் ஆகியோர் 2009இல் வெளியிட்ட அந்த ஆய்வில், நினைவாற்றலும் கவனமும் கைத்திறனும் வேண்டிய விளையாட்டுகளுக்கு மூன்று அளவுகளில் பரிசு வைத்தார்கள். அதிகபட்சத் தொகை, அங்கே ஒருவரின் ஆண்டுச் செலவில் ஏறத்தாழ பாதி. அதற்காக ஆடியவர்களே மற்ற எல்லாரையும்விட மோசமாக ஆடினார்கள். ஆறு மாதச் செலவுக்கான பணம் கண்ணெதிரே ஊசலாடும்போது மனம் வேலையிலா நிற்கும், பணத்திலா? இதை உணர மேலாண்மைப் பட்டம் தேவையில்லை. பட்டம் பெற்ற பிறகும் உணராமல் இருப்பதுதான் வியப்பு.

மூன்றாம் வாதம் தன்னையே கவிழ்த்துக்கொள்கிறது: ஊக்கத்தொகை குழு உணர்வை வளர்க்குமாம், கூடவே, 'பெல் கர்வ்' போட்டு ஊழியரைத் தரம்பிரிப்பதும் அவசியமாம். பத்தில் ஒருவர் கடைசிப் படியில் நின்றே ஆக வேண்டும் என்று ஆண்டு தொடங்கும் முன்பே முடிவாகிவிட்டால், அப்ரைசல் அறையில் அளக்கப்படுவது யாருடைய உழைப்பு? பக்கத்து இருக்கைக்காரர் சறுக்கினால்தான் என் ரேட்டிங் பிழைக்கும் என்ற ஏற்பாட்டில் தோழமை எங்கிருந்து முளைக்கும்? இந்த முறையை மைக்ரோசாஃப்டே 2013இல் கைவிட்டது. ஆண்டுதோறும் ஆளைத் தரம்பிரிப்பது நிறுவனத்தைக் கொல்லும் நோய்களில் ஒன்று என்று தர மேலாண்மையின் முன்னோடி எட்வர்ட்ஸ் டெமிங் 1980களிலேயே எச்சரித்தார். நம் ஆலோசகருக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

நான்காம் வாதத்தில்தான் பூனைக்குட்டி வெளியே வருகிறது: போனஸ் முதலாளியின் பெருந்தன்மை, கணக்குக் கேட்பது நன்றிகேடு. 1965ஆம் ஆண்டின் போனஸ் சட்டத்தில் 1972இல் உயர்த்தி நிர்ணயித்த குறைந்தபட்சம் 8.33 சதவீதம், அதாவது ஆண்டுக் கூலியில் பன்னிரண்டில் ஒரு பங்கு. பம்பாய் ஆலைத் தொழிலாளர் தொடங்கிப் பல பத்தாண்டுகள் போராடிப் பெற்ற உரிமை அது. நெருக்கடி நிலையின்போது 1975இல் அதை 4 சதவீதமாகக் குறைத்தார்கள். அந்த ஆட்சி வீழ்ந்த 1977இலேயே 8.33 திரும்பியது. பெருந்தன்மைக்கா இத்தனை போராட்டம், இத்தனை சட்டம்?

இனி, இவர் மறைக்கும் நோக்கத்துக்கு வருவோம். பேசி முடித்த சம்பளத்தில் ஒரு பங்கை 'வேரியபிள் பே' என்று ஒதுக்கிவைத்தால் நிறுவனத்துக்கு இரட்டை லாபம். சந்தை சரியும்போது நட்டத்தை, முடிவெடுக்கும் உரிமை எதுவுமே இல்லாத ஊழியரின் தலையில் இறக்கலாம். அடிப்படை ஊதியக் கணக்கில் போனஸைச் சேர்க்காமலேதான் 1952ஆம் ஆண்டின் வைப்புநிதிச் சட்டமும் 1972ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டமும் எழுதப்பட்டன. ஆகவே அடிப்படைச் சம்பளம் சிறுக்கச் சிறுக்க நிறுவனம் செலுத்த வேண்டிய பங்கும், அதனால் ஊழியரின் முதுமைக்கான சேமிப்பும் சிறுத்தன. அவருடைய பணத்தைப் பிடித்து வைத்து, அதையே பரிசு என்று நீட்டி, கைதட்டவும் சொன்னால் மனத்தெம்பு எப்படி வளரும்? அவமானம்தான் வளரும்.

ஊக்கத்தொகையில் இவருக்கு உண்மையான நம்பிக்கை இருந்தால் ஒன்று செய்யட்டும்: பேசிய சம்பளத்தை முழுதாக மாதாமாதம் கொடுக்கச் சொல்லட்டும், லாபத்தில் ஊழியருக்கு எத்தனை பங்கு என்ற சூத்திரத்தை ஆண்டுத் தொடக்கத்திலேயே அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொல்லட்டும். இந்த இரண்டையும் தன் வாடிக்கையாளர்களான முதலாளிகளிடம் கேட்கத் துணிவில்லாதவருக்கு, ஊழியரின் மனத்தெம்பைப் பற்றிப் பாடம் நடத்தும் அருகதையும் இல்லை.