எயார் பேக் கற்றுத்தரும் வியாபாரப் பாடம்

வாகனம் மோதிய மறுகணம் விரிந்து உயிரைக் காப்பது எயார் பேக். அதை நிரப்புவது ஒரு சிறிய உலோகக் குப்பி. மோதல் ஏற்பட்டதும் மின்சாரம் பாய்ந்து, குப்பியிலுள்ள இரசாயன வில்லைகள் எரிந்து வாயுவாகின்றன. கண் இமைப்பதற்குள் பை விரிந்துவிடும். இந்தக் குப்பியை வாடிக்கையாளர் கண்ணால் காண்பதில்லை. விற்பவரை நம்பித்தான் வாங்குகிறார்.

அந்த நம்பிக்கையைக் குலைத்தே ஜப்பானின் தகாட்டா கம்பனி அழிந்தது. 1933இல் நெசவுத் தொழிலாக ஆரம்பித்து, எயார் பேக் உற்பத்தியில் உலகின் முன்வரிசைக்கு வந்த நிறுவனம் அது. 2000ஆம் ஆண்டளவில் விலை குறைந்த அமோனியம் நைத்திரேற்றுக்கு மாறியது. பல வருடங்கள் உஷ்ணமும் ஈரப்பதனும் பட்டால் இந்த வில்லைகள் சிதைந்து, மிதமிஞ்சிய வேகத்தில் எரியும். அப்போது குப்பியே வெடித்து உலோகத் துண்டுகள் சாரதி மீது பாயும். அமெரிக்காவில் மட்டும் 20இற்கும் மேற்பட்டோர் இவ்வாறு உயிரிழந்தனர்.

பழுது எந்தத் தொழிலிலும் வரலாம். அதை மறைப்பதுதான் பெருங்குற்றம். வாகனக் கம்பனிகளுக்குப் பொய்யான பரிசோதனை அறிக்கைகளைக் கொடுத்த குற்றத்தை ஏற்று, 100 கோடி டொலர் செலுத்த 2017 ஜனவரியில் தகாட்டா இணங்கியது. அதே ஆண்டு ஜூனில் வங்குரோத்து நிலையை அறிவித்தது. 80 வருடத்துக்கும் மேலான பெயர் மண்ணாகியது.

இதில் நமக்கென்ன என்று கேட்கலாம். நமது வீதிகளில் ஓடும் கார்களில் ஏராளமானவை ஜப்பானிலிருந்து பாவித்த நிலையில் வந்தவை. நமது காலநிலையோ உஷ்ணமும் ஈரமும் சேர்ந்தது. எனவே பழைய கார் விற்பவர்கள், செசி இலக்கத்தைக் கொண்டு அது மீள அழைக்கப்பட்ட வாகனமா என உற்பத்திக் கம்பனியின் இணையத்தளத்திலோ முகவரிடமோ விசாரித்த பின்னரே கைமாற்ற வேண்டும். விபத்துக்குள்ளான வாகனங்களில் கழற்றிய எயார் பேக்குகளை விற்பதை பஞ்சிகாவத்தை முதல் ஊர்க்கடை வரை உதிரிப்பாக வியாபாரிகள் அடியோடு கைவிட வேண்டும். கழற்றிய கண்ணாடியும் கதவும் போன்றதல்ல இது. உள்ளே இருப்பது வெடிபொருள். அதன் நிலையை வெளியிலிருந்து எவராலும் சொல்ல முடியாது.

"நாங்கள் செய்த பொருளல்லவே" என்ற பதில் போதாது. வாடிக்கையாளர் பணம் கொடுப்பது நமது கையில்தான். சந்தேகம் இருந்தால் அதைச் சொல்லியே விற்போம். சில ஆயிரம் ரூபா இலாபம் குறையலாம், ஆனால் கடையின் பெயர் நிலைக்கும்.